லீராய் வீடியோ பார்த்து சிரித்தவர்களுக்கு வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் எப்படி?

2005-இல் வந்த லீராய் ஜென்கின்ஸ் வீடியோதான் இன்றும் பலரை, இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் இந்த வீடியோ ஆட்டத்துக்குள் இழுத்து வருகிறது. ஒரு குழு வாசலில் நின்று மும்முரமாகத் திட்டம் போடுகிறது. ஒருவர் பிழைக்கும் வாய்ப்பை தசமப் புள்ளியோடு கணக்குப் போட்டுச் சொல்கிறார். லீராய் எதையும் கேட்காமல் தன் பெயரையே கத்திக்கொண்டு உள்ளே ஓட, மொத்தக் குழுவும் காலி.

ஆட்டம் தெரிந்தவர்களுக்கு இதில் இன்னொரு சிரிப்பும் உண்டு. அந்தத் திட்டமே உருப்படாதது. அந்த அறைத் தரை முழுக்க டிராகன் முட்டைகள். கிட்டே போனாலே பொரிந்து குட்டிகள் மேலே பாயும். கூட்டமாகச் சேரவிட்டு மேஜ்கள், அதாவது மந்திரவாதிகள், ஒரே வீச்சில் அடிக்க வேண்டிய இடம். இவர்களோ பயமுறுத்தும் கத்தலைப் போட்டு குட்டிகளைச் சிதறடிக்கப் பார்க்கிறார்கள். போதாக்குறைக்கு மேஜ்கள் மீது பாலடின் என்ற புனித வீரரின் டிவைன் இன்டர்வென்ஷன் மந்திரம். அது யார் மேல் விழுகிறதோ அவரை அடிக்க முடியாது, ஆனால் அவராலும் எந்த மந்திரமும் போட முடியாது. போட்ட பாலடின் செத்துப்போவார். இது புரிந்துவிட்டால் டேங்க் (அடி வாங்குபவர்), ஹீலர் (உயிர் ஏற்றுபவர்), டேமேஜ் (அடிப்பவர்) என்ற மூன்று வேலைப் பிரிவு ஏன் என்பதும் பாதி புரிந்துவிடும்.

ஆனால் வீடியோவில் பார்த்த ஆட்டமும் இன்று இறக்கினால் முதலில் வருவதும் ஒன்றல்ல. ஆட்டத்தை நிறுவும் பேட்டில்நெட் லாஞ்சரில் வடிவம் தேர்ந்தெடுக்கும் பட்டியல் இருக்கும். அதைக் கவனிக்காமல் நிறுவினால் வருவது நவீன வடிவம்: எக்ஸைல்ஸ் ரீச் தீவில் தொடங்கி, லெவல் 10 வரை கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். லெவல் 20 வரை இலவசம். ஏலக்கூடம், கில்டு (ஆட்டக்காரர் சங்கம்) போன்றவை கிடைக்காது. விசைகள் கைக்குப் பழக இது போதும். பழைய வீடியோக்களின் தடுமாற்றமும் கலாட்டாவும் வேண்டுமென்றால் பழைய ஆட்டத்தை மீட்டு 2019-இல் வந்த கிளாசிக் வடிவம்தான். அதற்கு மாதச் சந்தா வேண்டும். அதே சந்தாவில் நவீன வடிவமும் திறந்துவிடும். நம் பரிந்துரை கிளாசிக், யோசிக்கவே வேண்டாம்.

கிளாசிக்கில் புதியவர்களை அதிகம் கொல்வது மர்லாக். ரசிகர் வீடியோக்களில் களகளவென்று கத்தி எல்லோரையும் சிரிக்க வைக்கும் அதே மீன் மூஞ்சிக்காரன்தான். ஒன்றை அடித்தால் பக்கத்தில் நிற்பதும் சேர்ந்து வரும். உயிர் குறைந்ததும் தப்பி ஓடி, போகிற வழியில் இன்னும் இரண்டைக் கூட்டி வரும். இங்கே சாவதெல்லாம் துரத்திக்கொண்டு போவதால்தான். ஓரத்தில் நிற்பதைத் தூரத்திலிருந்து அடித்து, பின்னால் நகர்ந்து வெட்டவெளிக்கு இழுத்து வாருங்கள். அதன் உயிர் கால்வாசிக்கு இறங்கும்போதே மேஜ் என்றால் ஃப்ராஸ்ட்போல்ட், வாரியர் என்றால் லெவல் 8-இல் கிடைக்கும் ஹாம்ஸ்ட்ரிங்: வேகம் குறையும், ஓட்டம் நிற்கும்.

வீடியோக்காரர்களின் ஆயுதங்களும் ஆட்டத்துக்குள்ளேயே கிடக்கின்றன. ஆல்ட்டும் இசட்டும் சேர்த்து அழுத்தினால் திரையிலுள்ள பட்டைகள் எல்லாம் மறைந்து படம் மட்டும் நிற்கும். சாட்டில் சாய்கோட்டுடன் டான்ஸ் என்று அடித்தால் ஒவ்வொரு இனமும் தனக்கென்று உள்ள ஆட்டத்தைப் போடும். வெஸ்ட்ஃபால் என்ற பகுதியில் ஒரு கோழியைக் குறிவைத்து, அதேபோல் சிக்கன் என்று விடாமல் அடித்துக்கொண்டே இருங்கள். கோழியே உங்களுக்கு ஒரு வேலை கொடுக்கும்! அங்குள்ள விவசாயி சால்டீனிடம் தீவனம் வாங்கிக் கொடுத்தால் முட்டை போடும், அதிலிருந்து வளர்ப்புக் கோழி கிடைக்கும். இப்படிப்பட்ட குறும்பை ஆட்டத்துக்குள் ஒளித்து வைத்தவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

குறை என்றால் நேரம்தான். கிளாசிக்கில் குழுவைத் தானாகச் சேர்த்துக்கொடுக்கும் வசதி இல்லை. சாட்டில் கேட்டு, ஐந்து பேர் சேர்ந்து, டஞ்சன் (குழுவாக உள்ளே போய்ச் சண்டையிடும் இடம்) வாசல் வரை நடந்தே போக வேண்டும். ஆட்டத்தின் இரண்டு அணிகளில் ஒன்றான ஹோர்ட் பக்கம் தொடங்கினால் முதல் டஞ்சனான ரேஜ்ஃபயர் சேஸம் ஆர்க்ரிமார் நகருக்குள்ளேயே இருப்பதால் இந்த அலைச்சல் குறைவு. சீக்கிரம் குழுவாக ஆடிப் பார்க்க ஆசைப்படுபவர்கள் அந்தப் பக்கம் போங்கள். ஹீலர் வேலை பார்க்கும் க்ளாஸை (பாத்திர வகையை) எடுத்தால் குழுவுக்குக் காத்திருப்பதும் குறையும்.