ஆப்பிரிக்க ஆங்கில நாவல்களில் பாலினமும் பாலியல்பும்: நீண்டகால வாசிப்பு அனுபவம்

ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் ஆங்கிலத்தில் எழுதியவற்றைப் பாலினம், பாலியல்பு ஆகிய கோணங்களிலிருந்து சில ஆண்டுகளாகத் தொடர்ந்து படித்து வருகிறேன். இத்துறைக்குள் வர நினைப்பவர்கள், நாட்டுக்கு ஒரு நாவல் என்று கண்டத்தைச் சுற்றிவரும் வழக்கமான பாடத்திட்டத்தை விடுத்து, ஒரே சமூகத்தின் எழுத்தைத் தலைமுறை வரிசையில் படிப்பது நல்லது. எனக்கு அது நைஜீரியாவின் இக்போ சமூகமாக அமைந்தது.

வரிசையின் தொடக்கம் ஃப்ளோரா ந்வாப்பா 1966இல் வெளியிட்ட 'எஃபுரு'. வணிகத்தில் கைதேர்ந்த எஃபுரு இரண்டு மணங்களும் முறிந்து, ஒரே குழந்தையையும் இழந்து, உஹாமிரி என்னும் ஏரித் தெய்வத்தின் வழிபாட்டாளராகிறாள். தாய்மையின் இன்பத்தை அறியாத அத்தெய்வத்தைப் பெண்கள் ஏன் வணங்குகிறார்கள் என்ற கேள்வியோடு நாவல் முடிகிறது. அந்த முடிவிலிருந்தே புச்சி எமெச்செட்டா 1979இல் தமது 'தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்' நாவலுக்குத் தலைப்பை எடுத்துக்கொண்டார். அவருடைய நாயகி ந்னு எகோ பல பிள்ளைகளைப் பெற்றும் சாலையோரத்தில் தனியாக இறக்கிறாள். இறந்தபின் அவள் பெயரில் கோயில் எழுப்பிப் பிள்ளைவரம் கேட்கிறார்கள், அவளோ யாருக்கும் வரம் தருவதில்லை. இவ்விரு முடிவுகளையும் அருகருகே வைத்துப் படித்தபோது கிடைத்த தெளிவு, பின்னர் படித்த எந்தக் கோட்பாட்டு நூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

சினெலோ ஒக்பராண்டாவின் 'அண்டர் த உடாலா ட்ரீஸ்' (2015) பியாஃப்ராப் போர்க்காலத்தில், அதாவது இக்போ மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த கிழக்குப் பகுதி நைஜீரியாவிலிருந்து பிரிய முயன்ற உள்நாட்டுப் போரின்போது, தொடங்குகிறது. தலைப்பிலுள்ள மரமே கருவளத்தோடு தொடர்புபடுத்தப்படுவது. ஆனால் நாயகி இஜெயோமா விரும்புவது பெண்களை. அவளைத் திருத்துவதற்காகத் தாய் விவிலியப் பாடம் நடத்தும் பகுதிகளே நாவலின் உச்சம் என்பேன். பிற்பகுதியில் கதையைக் காட்டிலும் வாதம் முந்திக்கொள்கிறது. தற்பால் உறவுகளுக்கு 14 ஆண்டுகள்வரை சிறைத்தண்டனை விதிக்கும் நைஜீரியச் சட்டம் 2014 ஜனவரியில் கையெழுத்தானதையும், நூலின் இறுதிக் குறிப்பில் ஆசிரியர் அதைச் சுட்டுவதையும் நினைத்தால் அந்த அவசரம் புரிகிறது.

கோட்பாட்டில் முதலில் கைக்கொள்ள வேண்டியது நைஜீரிய மானுடவியலாளர் இஃபி அமாடியூமேயின் 1987ஆம் ஆண்டு ஆய்வு. மகளுக்கு மகனின் இடத்தை அளிப்பதும், பெண்ணொருத்தி மணப்பரிசு கொடுத்து மனைவியரைக் கொள்வதும் ந்னோபி என்னும் இக்போ ஊரில் வழக்கிலிருந்ததை அது விவரிக்கிறது. இதைப் படித்தபின் அக்வேகே எமெசியின் 'ஃப்ரெஷ்வாட்டர்' (2018) நாவலுக்கு வந்தால், பிறந்து இறந்து மீண்டும் பிறக்கும் ஒக்பாஞ்சே ஆவிகளின் குரலில் மையப் பாத்திரமான அடாவின் உடலும் பாலினமும் பேசப்படுவதை வெறும் உளவியல் சிக்கலாகக் குறுக்கிவிட மாட்டோம். (எமெசியின் தாய் மலேசியத் தமிழர் என்பது நம் வாசகர்கள் பலர் அறியாத செய்தி.)

குறைகளும் உண்டு. ஆங்கில எழுத்தை மட்டும் வைத்துப் படிப்பதால், ஆப்பிரிக்க மொழிகளில் இதே பொருள் எவ்வாறு பேசப்படுகிறது என்பது நம் பார்வைக்கு வெளியே நின்றுவிடுகிறது. முந்தைய நாவல்கள் தற்பாலீர்ப்பை மேலைநாட்டு இறக்குமதியாகவே பெரும்பாலும் சித்தரித்ததைக் இலக்கிய ஆய்வாளர் கிறிஸ் டண்டனின் 1989ஆம் ஆண்டுக் கட்டுரை எடுத்துக்காட்டியது. அதை அறியாமல் 2000க்குப் பிந்தைய நூல்களை மட்டும் படிப்பவர்களுக்கு, இவை எதை எதிர்த்து எழுந்தன என்பதே தெரியாமல் போகும். தென்னாப்பிரிக்க எழுத்தாளர் செல்லோ டுய்க்கர் கேப்டவுனைக் களமாகக் கொண்டு எழுதிய நாவலை (2001) இந்த வரிசையில் சேர்க்காமல் தனியே படிப்பதே சரி, ஏனெனில் தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பு பாலீர்ப்பின் பெயரால் பாகுபாடு காட்டுவதையே தடைசெய்கிறது.

இவ்வளவுக்கும் நேரமில்லாதவர்கள், ஆப்பிரிக்கச் சிறுகதைகளுக்கான கெயின் பரிசை 2007இல் பெற்ற உகாண்டா எழுத்தாளர் மோனிகா அராக் டி ந்யேகோவின் 'ஜம்புலா ட்ரீ' சிறுகதையை ஒரே அமர்வில் படித்துவிடலாம். பிடித்திருந்தால் 'எஃபுரு'வுக்கு வாருங்கள்.