டிக்கெட்மாஸ்டர்: டிக்கெட் விலைக்கு மேல் ஏறும் கட்டணம்

அமெரிக்காவில் இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுக்க டிக்கெட்மாஸ்டர் செயலி வசதியானதுதான். கட்டணம்தான் கையைக் கடிக்கிறது. சேவைக் கட்டணம் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் தனித்தனியாக ஏறும். ஆர்டர் கட்டணம் இருந்தால் அது மொத்தத்துக்கும் ஒருமுறைதான். நாலு பேர் போவதென்றால் ஒரே ஆர்டரில் எடுங்கள். 2025 மே முதல் முழு விலையையும் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும் என்பது அமெரிக்க மத்திய அரசின் விதி. வரி, அனுப்பும் செலவு போன்றவை கடைசியில் சேரலாம். இருக்கை வரைபடத்தில் மறுவிற்பனை டிக்கெட்டுகளும் கலந்து வரும், அவற்றை முதலில் நீக்கிவிட்டுப் பாருங்கள். அரங்கின் கவுன்ட்டரில் நேரில் வாங்கினால் பல இடங்களில் சேவைக் கட்டணமே கிடையாது. கவுன்ட்டர் திறக்கும் நேரத்தை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

2010இல் டிக்கெட்மாஸ்டர், இசை நிகழ்ச்சிகளை நடத்தும் லைவ் நேஷன் நிறுவனத்தோடு இணைந்ததிலிருந்து நிகழ்ச்சி ஏற்பாடு, அரங்கு, டிக்கெட் மூன்றும் ஒரே நிறுவனத்திடம். கட்டணத்தில் அரங்குக்கும் பங்கு போவதால் அதைக் குறைக்கப் பெரும்பாலும் யாரும் முன்வருவதில்லை. ரசிகருக்கு இது அநியாயம். சுயேச்சை அரங்கு என்றால் அதன் சொந்தத் தளத்திலேயே தேடுங்கள்.