காசு போடும் முன் இருட்டில் நில்லுங்கள்: ரோம் சான் லூயிஜி ஆலயத்தில் கரவாஜ்ஜோ

ரோமில் நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது சான் லூயிஜி தேய் ஃபிரான்சேசி ஆலயம். நுழைவுக் கட்டணம் இல்லை. இடப்பக்கம் ஐந்தாவது சிற்றாலயம் கொந்தாரெல்லி. புனித மத்தேயுவைப் பற்றி 1599 முதல் 1602 வரை இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ வரைந்த மூன்று ஓவியங்களும் எந்தச் சுவருக்காக வரையப்பட்டனவோ அங்கேயே இருக்கின்றன. எந்த அருங்காட்சியகத்திலும் இது கிடைக்காது.

பெட்டியில் நாணயம் போட்டால் விளக்கெரியும், சற்று நேரத்தில் தானே அணையும். வந்தவுடன் நாணயத்தைப் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு இருட்டு பழக ஐந்து நிமிடமாவது வேண்டும். பிறகு பீடத்துக்கு மேலுள்ள சன்னலைக் கவனியுங்கள். இடச் சுவரில், வரி வசூலிக்கும் மத்தேயுவை இயேசு சீடராக அழைக்கும் ‘அழைப்பு’ ஓவியத்தில் வெளிச்சம் வலமிருந்து வருகிறது. எதிரே, மத்தேயு கொல்லப்படும் ‘மறைசாட்சிய’த்தில் இடமிருந்து. இரண்டுமே பீடத்தின் பக்கம். சன்னல் வெளிச்சமே ஓவியத்துக்குள் நீள்கிறது. மின்விளக்கு எரிந்ததும் இந்த உறவு அறுந்துபோகிறது. வார்னிஷும் பளபளத்துக் கண்ணை உறுத்தும்.

விளக்கு உதவுவது நுணுக்கம் பார்க்க மட்டுமே. ‘அழைப்பு’ ஓவியத்தில் இயேசுவின் உடலைப் பெரும்பாலும் பேதுரு மறைத்து நிற்கிறார். மிச்சம் தெரிவது முகத்தில் ஒரு கீற்றும் நீட்டிய கையும்தான். இயேசுவின் தலைக்கு மேலே, சுவரில் ஒளியின் விளிம்பு சாய்கோடாக இறங்குகிறது. ஓவியத்துக்குள்ளும் ஒரு சன்னல் உண்டு. அதிலிருந்து துளி வெளிச்சம் வருவதில்லை. மேசையின் கோடியில் காசு எண்ணும் இளைஞனும், கண்ணாடி போட்ட கிழவரும் நிமிரவேயில்லை. ஆனாலும் ஒளி அவர்கள்மேலும் விழுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் நெஞ்சைத் தொடும் இடம் இது.

தடுப்பைத் தாண்ட முடியாது என்பதால் பக்கச் சுவர் ஓவியங்களைச் சாய்வாகத்தான் பார்க்க வேண்டும். ‘அழைப்பு’க்குத் தடுப்பின் வலது ஓரம், ‘மறைசாட்சிய’த்துக்கு இடது ஓரம் நல்லது. படமெடுத்தால் ஃபோன் தானாக வெளிச்சத்தைக் கூட்டி, கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

குறைகள்: நெரிசல், மதியம் சில மணி நேரம் மூடிவிடுவது. பிறர் போட்ட காசில் விளக்கெரிந்தால் அது அணையும்வரை காத்திருங்கள்.

சில நிமிட நடையில் சந்த் அகோஸ்தீனோ ஆலயம். இடப்பக்க முதல் சிற்றாலயத்தில் கரவாஜ்ஜோவின் ‘லொரேத்தோ மாதா’ ஓவியம். மண்டியிட்ட யாத்திரிகரின் அழுக்குப் பாதங்கள் பார்ப்பவரை நோக்கியே இருக்கின்றன. மாதாவின் முகத்தில் விழும் அதே வெளிச்சம் அவற்றின் மேலும் விழுகிறது. சில்லறையை மிச்சம் வைத்திருங்கள்.