மீன் குழம்பா, மீன் எண்ணெய் மாத்திரையா?

அறுபதைத் தாண்டிய சொந்தக்காரர்கள் வீட்டில் மீன் எண்ணெய் மாத்திரை டப்பா இல்லாத சாப்பாட்டு மேசையைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் கெம்போங் (கானாங்கெளுத்தி வகை) மீன் வாங்கிக் குழம்பு வைப்பதைவிட இது மேலா?

மாத்திரையில் முள் இல்லை, வாடை இல்லை. சரி, டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்னால் 1,000 மில்லிகிராம் என்று பெரிதாகப் போட்டிருக்கும். சாதாரண வகையில், இதயத்துக்கு நல்லது என்று நம்பி நாம் தேடும் ஒமேகா 3 கொழுப்பு அமிலங்கள் சுமார் 300 மில்லிகிராம்தான். 2018இல் வெளியான ‘வைட்டல்’ ஆய்வு 25,871 அமெரிக்கர்களைச் சுமார் ஐந்து ஆண்டுகள் கவனித்தது. தினம் 1 கிராம் மீன் எண்ணெய் மாத்திரை எடுத்தவர்களிடமும், மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க குறைவு இல்லை. மீன் குறைவாகச் சாப்பிட்டவர்களிடம் கொஞ்சம் பலன் தெரிந்தது. அளவு கூடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயமும் கூடுகிறது. டிரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு அதிகமுள்ளவர்களுக்கு மருத்துவர் எழுதித் தரும் வீரியமான வகை வேறு சங்கதி.

மீனோ, வாரம் இரண்டு முறை போதும் என்கிறது அமெரிக்க இதயச் சங்கம். கெம்போங்கும் மத்தியும் இருக்க, சால்மனுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். புரதமும் கிடைக்கும், தட்டில் ஆட்டுக்கறிக்கு இடமும் குறையும். முறுகப் பொரிக்காமல் புளிக்குழம்பாக வைத்தால் நல்லது (எங்கள் வீட்டில் யார் கேட்கிறார்கள்!).

என் ஓட்டு மீனுக்கே. சைவக்காரர்களுக்குப் பாசியிலிருந்து எடுத்த ஒமேகா 3 இருக்கிறது. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் மட்டும் எந்த மாத்திரைக்கும் முன்னால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.