மொறிஸ் மைனருக்கு எந்த எஞ்சின் மவுண்டிங்? மூன்றையும் ஒப்பிட்டால்

கிளச்சை விடும்போது, பழைய பிரித்தானியக் காரான மொறிஸ் மைனர் முழுவதும் உதறினால் எல்லோரும் கிளச் பிளேட்டைத்தான் சந்தேகிக்கிறார்கள். கியர் பொக்ஸில் கை வைக்கும் முன் பொனெட்டைத் திறந்து, எஞ்சினின் முன்பக்கம் இரண்டு புறமும் அதைத் தாங்கி நிற்கும் ரப்பர் மவுண்டிங்குகளைப் பாருங்கள். மைனரின் கிளச் வேலை செய்வது கம்பித் தொடுப்பில். அந்தத் தொடுப்பு ஒரு பக்கம் பொடியிலும் மறு பக்கம் எஞ்சினிலும் நிற்கிறது. எஞ்சின் ஆடினால் தொடுப்பும் இழுபடும், கிளச் பிடித்துப் பிடித்து விடும். பிளேட் நன்றாக இருந்தாலும் இந்த உதறல் வரும்.

திருகோணமலையில் இந்த ரப்பருக்கு எதிரிகள் அதிகம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீடென்றால் உப்புக்காற்று இரும்புத் தகட்டின் ஓரத்தில் துருவை ஏற்றும். துரு ஏற ஏற ரப்பர் தகட்டிலிருந்து கிளம்பும். கச்சான் காற்று மாதங்களின் சூட்டில் ரப்பர் காய்ந்து வெடிக்கும். எஞ்சினின் முன்பக்க மூடியான டைமிங் கவரின் சீல் கசிந்தால் ஒயிலும் சேர்ந்துகொள்ளும். இயற்கை ரப்பர் ஒயிலில் ஊறினால் ஊதிப்போய், கையில் பிசுபிசுவென்று வரும்.

சரி, மாற்றுவதென்றால் எதைப் போடுவது?

முதல் தெரிவு, பழைய முறையிலேயே செய்யப்பட்ட புது ரப்பர் மவுண்டிங். என் ஓட்டு இதற்குத்தான். 1948இல் வந்த இந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் பொடியைத் தனிச் சட்டம் இல்லாமல் ஒரே கூடாகச் செய்தார். எஞ்சின் அதிர்வு அந்தக் கூட்டுக்குள் ஏறாமல் தடுப்பது இந்த மெதுவான ரப்பர்தான். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். “பழைய ஒரிஜினல், பெட்டியே உடைக்கவில்லை” என்று கொழும்பின் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் யாராவது நீட்டினால் மயங்க வேண்டாம். பெட்டிக்குள் இருந்தாலும் ரப்பர் முதுமையடையும். கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். நகம் இறங்கி, எடுத்ததும் தடம் மறைந்தால் நல்லது. நகமே இறங்காவிட்டால் அது ரப்பர் அல்ல, கட்டை.

இரண்டாவது, பொலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளில் செய்த மவுண்டிங். ஒயில் இதை எளிதில் தொடாது, நெடுங்காலம் உழைக்கும். ஆனால் கடினம் அதிகம். அதிர்வெல்லாம் ஸ்டியரிங்குக்கும் தரைத் தகட்டுக்கும் வந்துவிடும். கண்டி வீதியில் நீண்ட ஓட்டம் போகிறவருக்கு அது தலையிடி. ஒஸ்டின் மினியில் கதை வேறு. அங்கே எஞ்சின் குறுக்காக நிற்பதால் அது முன்னும் பின்னும் சாய்கிறது, அந்தச் சுமையை மேலே உள்ள ஸ்டெடி பாரின் (எஞ்சின் ஆடாமல் பிடிக்கும் தண்டின்) முனையில் இருக்கும் புஷ் தாங்குகிறது. அந்த இடத்துக்குக் கடினமான புஷ் பொருந்தும். மைனரில் எஞ்சின் நீளவாக்கில் நிற்கிறது. மைனரின் உதறலை அடக்க, மவுண்டிங்கைக் கடினமாக்காமல், எஞ்சினின் மேற்பகுதியை அதற்குப் பின்னால் உள்ள பொடித் தகட்டோடு பிணைக்கும் ஸ்டெடி பார் ஒன்றைப் போடுங்கள். ரப்பர் மெதுவாகவே இருக்கட்டும்.

மூன்றாவது, பழைய தகட்டில் புது ரப்பர் ஏற்றித் தருவது. இறப்பர் விளையும் நாடு, நல்ல கைகள் உண்டு. தகட்டை மணல் வீசிச் சுத்தம் செய்து, ஒட்டுப்பூச்சு பூசி, அச்சில் வைத்துச் சூடாக்கி அழுத்தினால் நன்றாக உழைக்கும். டயர்த் துண்டை வெட்டிப் பசையால் ஒட்டினால் சீக்கிரமே கழன்றுவிடும். ஓரத்தில் பசைக் கோடு தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் வேலை செய்ய ஜக் போதுமா, செயின் புளொக் வேண்டுமா? மவுண்டிங்குக்கு மட்டுமென்றால் ஜக் போதும். செயின் புளொக்கைத் தாங்கும் வளை எல்லா வீட்டுப் போர்ட்டிகோவிலும் இல்லை, மரக்கொப்பை நம்பவும் கூடாது. மணல் முற்றமென்றால் ஜக்கின் அடியில் அகலமான பலகை போடுங்கள். எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் சம்ப் மெல்லிய தகடு, அதனால் ஜக்குக்கும் சம்புக்கும் இடையே தடித்த பலகை கட்டாயம். பற்றரியைக் கழற்றிவிட்டு, மவுண்டிங் நட்டுகளை எடுத்து, மெல்ல உயர்த்துங்கள். பழைய ரப்பர் வெளியே வருமளவு உயர்ந்தால் போதும். அதற்கு மேல் போனால் விசிறி ரேடியேட்டரில் முட்டும், எக்ஸோஸ்ட் குழாயும் இழுபடும். பிந்திய மைனர்களின் நட்டுகள் அங்குல அளவு, மில்லிமீட்டர் ஸ்பானர் நட்டின் முனைகளைத் தின்றுவிடும். துருப் பிடித்தவற்றுக்கு முதல் நாள் இரவே ஊடுருவும் ஒயில் விட்டு வையுங்கள்.

இரு பக்கமும் ஒன்றாகவே மாற்றுங்கள், கியர் பொக்ஸின் கீழுள்ள ரப்பர்களையும் பாருங்கள். எஞ்சின் முழுதாக இறங்கி உட்காரும் வரை எந்த நட்டையும் கடைசியாக இறுக்க வேண்டாம். அப்புறம் ஏர்த் கம்பி. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது, எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையில் அந்தக் கம்பிதான் பாதை. அது அறுந்திருந்தால் ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் சோக் கேபிள் வழியாகப் போய் அதைச் சூடாக்கிவிடும். இரண்டு முனையையும் உரசிச் சுத்தம் செய்து பூட்டிவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள்.