"டைமிங் செயின் செட் மாற்றியாச்சு" என்று பில் தந்தால் அப்படியே நம்பாதீர்கள்: அலியன், பிரிமியோ, அக்சியோ வைத்திருப்போருக்கு

டொயோட்டா 240 அலியன் ஒன்று. 1497 சீசீ, 1என்இசட்-எவ்ஈ எஞ்சின்; 1500 சீசீ பிரிமியோ, அக்சியோவிலும் இதே எஞ்சின் உண்டு. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் இரண்டு மூன்று செக்கன் வலப்பக்கத்தில் கடகடவென்று சத்தம். ஐட்லிங் ஏறி இறங்கியது. செக் எஞ்சின் லைட் எரிந்தது, கோட் பி0171 (காற்றுக்கு ஏற்ற பெற்றோல் இல்லை என்பது). டைமிங் செயின் (கிராங்கையும் வால்வைத் திறக்கும் கேம்களையும் ஒன்றாகச் சுழற்றும் செயின்) செட், காற்று உள்ளே போகும் இன்டேக் மெனிபோல்ட்டின் பெக்கிங், வொட்டர் பம்ப் எல்லாம் புதிது என்று கராஜில் பில் போட்டார்கள். காலையில் விட்ட கார் பின்னேரமே கைக்கு வந்தது. சந்தேகம் வரவேண்டிய முதல் இடம் அதுதான். மூன்று கிழமையில் அதே சத்தம் திரும்பியது, கூடவே பி0011 (வால்வு திறக்கும் நேரம் பிசகு) என்ற புதுக் கோட்.

வேறு இடத்தில் டைமிங் கவரைக் கழற்றினால் செயின் மட்டும் புதிது. செயின் உரசி ஓடும் இரண்டு பிளாஸ்டிக் கைட்டும் பழையவை, முகத்தில் செயின் தோண்டிய இரட்டைக் கோடு. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் பழையது. வொட்டர் பம்பும் பழையதே. செயின் செட் என்று காசு வாங்கினால் செயின், டென்ஷனர், இரண்டு கைட், கிராங்க் பல்சக்கரம், எக்ஸோஸ்ட் கேம் பல்சக்கரம் எல்லாம் வரவேண்டும். முன் கிராங்க் ஒயில் சீல், கவருக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள ஓ-ரிங், டெப்பட் கவர் (எஞ்சின் மேல்மூடி) பெக்கிங் தனியாக. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி கியர் பெரும்பாலான செட்டில் இருக்காது, அதற்குத் தனி விலை.

பழைய பாகம் போட்டதை விடப் பெரிய நாசம் சிலிக்கோன். இந்த எஞ்சினின் டைமிங் கவருக்குத் தனிப் பெக்கிங் கிடையாது, சிலிக்கோன் பூசித்தான் மூடவேண்டும். ஒயில் பம்பும் அந்தக் கவருக்குள்ளேயே இருக்கிறது. பழைய சிலிக்கோனைச் சுரண்டி, தின்னர் போட்டுத் துடைத்து, சுமார் 4 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரே கோடாக இழுத்து, மூன்று நிமிடத்துக்குள் கவரை வைக்கவேண்டும். பிறகு குறைந்தது 2 மணித்தியாலம் ஒயில் ஊற்றக்கூடாது. இங்கே ட்யூபில் பாதியைப் பிதுக்கியிருந்தார்கள். கவரை இறுக்கும்போது மிச்சம் உள்ளேயும் பிதுங்கும், காய்ந்தபின் துண்டுதுண்டாகச் சம்ப்பில் (அடியிலுள்ள ஒயில் தட்டில்) விழும். ஒயில் ஸ்ட்ரெய்னரின் வலையில் பாதிக்கு மேல் கறுப்பு ரப்பர் புழு மாதிரி அடைத்துக் கிடந்தது.

டென்ஷனர் ஒயில் பிரஷரில் வேலை செய்வது. பிரஷர் வரத் தாமதித்தால் புதுச் செயினும் ஸ்டார்ட்டில் அடிக்கும். விவிடி-ஐ வால்வுக்குப் போகும் வழியில் ஒரு சின்ன பில்டர் இருக்கிறது, அதுவும் அடைத்திருந்தது. பி0011 அங்கிருந்து வந்ததுதான். சத்தம் கேட்டதும் செயின் என்று முடிவு கட்டவேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம்: முதலில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பில்டரோடு 3.7 லீற்றர் பிடிக்கும் எஞ்சினில் ஒயில் நன்றாகக் குறைந்தாலும் இதே சத்தம் வரலாம்.

இன்டேக் பக்கம் நடந்தது இன்னும் கேவலம். மெனிபோல்ட் பிளாஸ்டிக், அதன் பள்ளத்தில் ரப்பர் பெக்கிங் உட்காரும். அந்த ரப்பர் காய்ந்து தட்டையானால் ஏர் புளோ சென்சர் அளக்காத காற்று உள்ளே போகும், பெற்றோல் போதாமல் பி0171 வரும். மாற்றவேண்டியது ஒரு ரப்பர். இவர்களோ பழைய ரப்பரின் மேல் சிலிக்கோன் தடவி இறுக்கியிருந்தார்கள். பெற்றோல் ஆவி பட்டால் சிலிக்கோன் ஊதி இளகும், பிய்ந்த துண்டு நேரே வால்வுக்குப் போகும்.

உண்மையில் காற்று ஒழுக்குத்தானா என்று ஸ்கேனரில் இரண்டு நிமிடத்தில் பார்க்கலாம். லோங் டேர்ம் பியூவல் ட்ரிம் (எஞ்சின் கம்ப்யூட்டர் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும் வீதம்) ஐட்லிங்கில் +18% போல நின்று, 2500 ஆர்.பி.எம்.மில் +3%க்கு இறங்கினால் ஒழுக்கு. எஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்று கூடும்போது ஒழுகும் பங்கு சிறிதாகிவிடும். ஆர்.பி.எம். கூட ட்ரிம்மும் கூடினால் பெற்றோல் பம்ப், பில்டர், ஏர் புளோ சென்சர் பக்கம் தேடுங்கள். இதைப் பார்க்காமல் ஒக்சிஜன் சென்சர் விற்கப் பார்ப்பவரிடம் காரை விடாதீர்கள்.

கவரைக் கழற்ற வலது முன் சில்லு, பெல்ட், கிராங்க் புலி, வொட்டர் பம்ப், டெப்பட் கவர் வரவேண்டும், எஞ்சினை ஜக்கில் தாங்கி வலப்பக்க மவுண்டையும் கழற்றவேண்டும். அந்த மவுண்ட் போல்ட்டில் தூசி அப்படியே இருந்தால் கவர் கழறவில்லை. கிராங்க் புலி போல்ட் 128 நியூட்டன் மீற்றர், டோர்க் ரெஞ்சில் இறுக்கவேண்டியது. புதுச் செயின் பூட்டியதும் கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, புலிக் கோடு 0வில் நிற்கும்போது கேம் இரண்டின் குறியும் மேலே நிற்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த நேரம் பக்கத்தில் நில்லுங்கள். (செயினின் நிறக் கண்ணிகள் அப்போது குறியோடு ஒத்து வராது. அதைக் காட்டிப் பயமுறுத்தினால் கணக்கெடுக்கவேண்டாம்.) ஒரு பல் பிசகினால் பி0016 வரும், இழுவை குறையும்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் பழைய கார்களையே எல்லோரும் ஓட்டித் தள்ளினோம். கொழும்பில் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய எஞ்சினிலிருந்து கழற்றிய டென்ஷனரைக் கழுவி விற்பதும் உண்டு. ஆகவே வேலை கொடுக்குமுன் பாகங்களைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள், பெட்டியை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள், கழற்றிய பழையதெல்லாம் உங்கள் கைக்கு வரவேண்டும் என்று முதலிலேயே பேசுங்கள். "குப்பையில் போட்டுட்டம்" என்ற பதிலுக்கு அதன் பிறகு இடமில்லை.

இந்த அலியனுக்கு இரண்டாம் முறை முழு செட், சீல்கள், மெனிபோல்ட் ரப்பர், துரொட்டில் பொடி ரப்பர் போட்டு, சம்ப்பை இறக்கி ஸ்ட்ரெய்னரையும் விவிடி பில்டரையும் கழுவி, 5டபிள்யூ-30 ஒயில் ஊற்றினார்கள். 1000 கிலோமீற்றரில் அந்த ஒயிலையும் பில்டரையும் மறுபடி மாற்றியாயிற்று. முதல் கராஜில் "விவிடி கியரும் போயிட்டுது, அதையும் மாத்தவேணும்" என்று சொல்லியிருந்தார்கள். பழைய கியர்தான் இன்றும் ஓடுகிறது, பி0011 திரும்பி வரவில்லை.