சங்காவா, மஹேலவா? கட்சி மாறியவனின் கணக்கு

இலங்கைக் கிரிக்கெட்டின் குமார் சங்கக்கார, மஹேல ஜயவர்தன இருவரும் ஓய்வு பெற்று எத்தனையோ வருடமாகிவிட்டது. கல்லடியில் நாங்கள் பிளேன்டீ குடிக்கும் கடையில் இவர்களில் யார் பெரிய துடுப்பாட்டக்காரர் என்ற வழக்கு மட்டும் இன்னும் நடக்கிறது. மச்சான் மஹேல கட்சி. நானும் அந்தக் கட்சியில் இருந்து சங்கா பக்கம் தாவியவன்தான்.

அழகு என்றால் மஹேல. அதில் கதையே இல்லை. சுழல்பந்தைக் கடைசி நொடி வரை விட்டு மெல்லத் தட்டிவிடுவாரே, அதைச் சங்காவிடம் நான் கண்டதில்லை. டெஸ்ட் எண்கள் சங்கா பக்கம்: 134 போட்டிகளில் 12,400 ஓட்டங்கள், சராசரி 57.40. மஹேலவுக்கு 149 போட்டிகளில் 11,814, சராசரி 49.84. அதிலும் சங்கா பல போட்டிகளில் விக்கெட் காப்பாளராகவும் நின்றவர்.

என்னைக் கட்சி மாற்றியது வேறு ஒன்று. மஹேலவின் 11,814 இல் 2,921 ஓட்டங்கள் கொழும்பு எஸ்.எஸ்.சி. என்ற ஒரே மைதானத்தில் வந்தவை. 34 சதங்களில் 11 அங்கேதான். 2006 இல் தென்னாபிரிக்காவுக்கு எதிராக அடித்த 374 உம் அங்கேதான். (அன்று மறுமுனையில் 287 அடித்தவர் சங்கா, இணைப்பாட்டம் 624.) எஸ்.எஸ்.சி.யைக் கழித்துவிட்டால் சராசரி 45ஐ ஒட்டி வந்துவிடும்.

சொந்த மைதானம் என்ன செய்யும் என்று மென்பந்து ஆடிய எவனுக்கும் தெரியும். எங்கள் மைதானத்தில் எந்த இடத்தில் பந்து குத்தினால் தாழ்ந்து வரும் என்று எனக்கு மனப்பாடம். அங்கே நான் பெரிய ஆள். கல்முனைக்கு ஆடப் போனால் இரண்டாவது ஓவரிலேயே மரத்தடியில் வந்து உட்கார்ந்திருப்பேன்.

அதனால்தான் 2007 இல் அவுஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் நடந்த டெஸ்டை நான் விடுவதில்லை. நான்காவது இன்னிங்ஸ், இலக்கு 507, எதிரே அவுஸ்திரேலியா. சங்கா 192. தோளிலும் ஹெல்மட்டிலும் பட்ட பந்துக்கு அவுட் கொடுத்துவிட்டார்கள். போட்டி தோல்விதான், ஆனால் அந்த ஆட்டத்துக்கு எஸ்.எஸ்.சி.யின் 200 ஈடாகாது. 2015 உலகக் கிண்ணத்திலும் மெல்பேர்ன், வெலிங்டன், சிட்னி, ஹோபார்ட் என்று நான்கு ஊர்களில் தொடர்ந்து நான்கு சதம். நான் கடினபந்து ஆடியவன் அல்ல, எல்லாம் டிவியில் பார்த்ததுதான். அந்த ஆடுகளங்கள் எவ்வளவு கடினம் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது.

மச்சான் விடமாட்டான். இங்கிலாந்தின் லோர்ட்ஸ் மைதானத்தில் மஹேலவுக்கு இரண்டு டெஸ்ட் சதம், சங்காவுக்கு ஒன்றுதானே என்பான். சரி, ஒன்றுதான். அப்புறம் 2011 மும்பையை எடுப்பான்: உலகக் கிண்ண இறுதிப் போட்டி, இந்தியாவின் மைதானம், 88 பந்தில் ஆட்டமிழக்காமல் 103. அன்று சங்கா 48. அந்த இடம் வந்ததும் நான் பிளேன்டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு எழும்பிவிடுவேன்.